மஞ்சள் இலையும் பிசிஆர் குழாயும்: பயிர் வைரஸைச் சோதித்தறியும் முறை

பொன்னேரிப் பக்கம் சம்பா நட்ட ஐந்தாவது வாரத்தில் ஒரு வயல் மஞ்சளாகிறது என்று வையுங்கள். வரப்பில் கூடுகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். துத்தநாகம் போதவில்லை என்பார் உரக்கடைக்காரர். போர் தண்ணீர் உப்பாகிவிட்டது என்பார் பக்கத்து வயல்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து வரும் புகைதான் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். வந்த வேளாண் அலுவலர் மட்டும் பேசாமல் இலையின் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, துங்ரோ வைரஸ் நோயாக இருக்குமோ என்பார்.

நான்குமே இந்த மாவட்டத்தில் நடக்கக்கூடியவை. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை பல பத்தாண்டுப் பழையது. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகை பற்றிய நீர்வள ஆய்வுகள் எல்லாம் அதைப் பேசுகின்றன. கும்மிடிப்பூண்டியில் எஃகு உருக்காலைகள் இருக்கின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் போடும் மண்ணில் துத்தநாகம் குறைவதும் உண்டு. அதே மூன்று பட்ட நெல்தான், ஒரு பயிரிலிருந்து அடுத்த பயிருக்கு வைரஸைக் கடத்தும் பச்சைத் தத்துப்பூச்சிக்கு ஆண்டு முழுவதும் பசுமை கொடுக்கிறது.

இந்த அத்தியாயம் வைரஸைக் கண்டறியும் நுட்பமான சோதனைகளைப் பற்றியது. ஆனால் எடுத்த எடுப்பில் ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டாம். சோதனை எவ்வளவு நுட்பமாகிறதோ, அவ்வளவுக்கு அதன் விடை வயலில் நீங்கள் செய்ததைப் பொறுத்து அமைகிறது. எந்தச் செடியில், எந்த இலையை, எந்தக் கேள்விக்காகக் கிள்ளினீர்கள் என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

முதலில் வயலைப் படியுங்கள்

புகையால் வரும் கேட்டுக்குப் பயிர் வேற்றுமை அதிகம் தெரியாது. கந்தக டை ஆக்சைடு இலைத் துளை வழியே நுழைந்து நரம்புகளுக்கு நடுவிலுள்ள பகுதியை வெளிறச் செய்யும். ஃபுளோரைடு சேர்ந்தால் நெல், புல் போன்றவற்றின் இலை நுனியும் ஓரமும் கருகும். இரண்டிலும் காற்று வீசும் திசையில் உள்ள நெல், வரப்புப் புல், வேலியோரச் செடி எல்லாவற்றிலும் ஏதோவொரு அளவில் பாதிப்பு தெரியும். வைரஸ் அப்படியில்லை. அதற்குத் தனக்கென்று பயிர் உண்டு. நெல் மஞ்சளாகி, பக்கத்து வெண்டையும் அதே வாரத்தில் அதேபோல் வெளிறினால் வைரஸை விட்டுவிட்டுக் காற்றையும் தண்ணீரையும் பாருங்கள்.

உப்பு, தண்ணீர் பாயும் வழியைக் காட்டிக்கொடுக்கும். மடைவாயிலும், தண்ணீர் தேங்கி வற்றும் பள்ளத்திலும் முதலில் நுனி கருகும். மண்ணின் மேல் வெள்ளை பூத்திருக்கும். மின்கடத்துத்திறன் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். பிசிஆர் செலவில் மிகச் சிறு பங்குதான் ஆகும்.

துத்தநாகக் குறை நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தெரியும். கீழ் இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் விழும். இளம் இலையின் அடிப்பகுதியில் நடு நரம்பு வெளிறும். 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலை வயலின் ஒரு மூலையில் மட்டும் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். அந்த மூலை மட்டும் தேறினால் விஷயம் முடிந்தது.

துங்ரோ வந்த வயல் ஒரே சீராக மஞ்சளாகாது. திட்டுத் திட்டாகத் தொடங்கிப் பரவும். நுனியிலிருந்து கீழ்நோக்கி மஞ்சளோ ஆரஞ்சோ இறங்கும். தூர் குட்டையாகும், தூர் கட்டுவது குறையும். திட்டுக்கு நடுவே பச்சையாக, உயரமாக நிற்கும் தூர்களும் இருக்கும். அவற்றை மறந்துவிடாதீர்கள். மாதிரி எடுக்கும்போது அவை தேவைப்படும்.

ஒரு நோய், இரண்டு வைரஸ்

துங்ரோவைச் சோதிக்க வேண்டுமென்றால் அது ஒற்றை வைரஸ் அல்ல என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று கோல் வடிவ வைரஸ். அதன் மரபணுப் பொருள் ஏறத்தாழ 8,000 எழுத்து நீளமுள்ள இரட்டை இழை டிஎன்ஏ. மற்றொன்று உருண்டை வடிவ வைரஸ். அதனுடையது ஏறத்தாழ 12,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை ஆர்என்ஏ. மஞ்சளும் குட்டையும் பெரும்பாலும் கோல் வைரஸின் வேலை. ஆனால் அதனால் தானாகப் பச்சைத் தத்துப்பூச்சியில் ஏறிப் பயணம் போக முடியாது. உருண்டை வைரஸ் துணைக்கு இருந்தால்தான் பூச்சி அதைக் கடத்தும். உருண்டை வைரஸோ தனியாகவே பயணம் போகும். தனியாக இருக்கும் தூரில் அறிகுறி என்று சொல்லும்படி எதையும் காட்டாது.

இதன் பொருளை நிதானமாக யோசியுங்கள். பார்வைக்குப் பசேலென்று நிற்கும் வயல், அடுத்த பட்டத்துக்கான நோயின் பாதியைச் சுமந்துகொண்டிருக்கலாம். எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் அது தெரியாது. நுண்மையான சோதனையின் உண்மையான தேவை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே ஆரஞ்சு நிறமாகிவிட்ட வயலில் போய்ப் பெயர் சொல்வது அதற்கு இரண்டாம் வேலை.

மேலும், கோல் வைரஸைச் சாதாரண பிசிஆரில் பிடிக்கலாம். உருண்டை வைரஸுக்கு ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ஆர்டி-பிசிஆர் வேண்டும். ‘துங்ரோவுக்குப் பார்த்துவிட்டோம், இல்லை’ என்று ஒரு ஆய்வுக்கூடம் சொன்னால், எதற்குப் பார்த்தீர்கள், இரண்டுக்குமா ஒன்றுக்கா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அயோடின் சோதனைதான் அது. 2 கிராம் அயோடினையும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடையும் 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 10 மில்லியை 140 மில்லி காய்ச்சி வடித்த நீரில் விட்டு நீர்க்கச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில், காலை ஆறு மணிக்கு முன், இலை நுனியில் 10 சென்டிமீட்டர் வெட்டி அதில் கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவிப் பாருங்கள். நோயுற்ற இலையில் மாவுச்சத்து வெளியேறாமல் தேங்கிவிடுவதால் கருநீலக் கோடுகள் விழும். விடியற்காலை என்பது சடங்கு அல்ல. பகலில் எந்த நெல் இலையிலும் மாவுச்சத்து இருக்கும். இரவு முழுவதும் அது வெளியேறிய பிறகு பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பத்து மணிக்கு இலை கிள்ளி அயோடின் சோதனை செய்கிறவர் எல்லா வயலிலும் துங்ரோவைக் கண்டுபிடிப்பார்.

அயோடின் காட்டுவது வைரஸை அல்ல, வைரஸ் செய்த தடையை. உருண்டை வைரஸ் மட்டும் உள்ள தூரை அதை வைத்துப் பிடிக்க முடியாது.

எலைசாவும் பிசிஆரும்: எதற்கு எது?

1977இல் கிளார்க், ஆடம்ஸ் இருவரும் பயிர் வைரஸ்களுக்கான எலைசா முறையை வெளியிட்ட பிறகு, நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே நாளில் பார்க்க முடிந்தது. 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைரஸின் புரத உறையைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பூசி, இலைச் சாற்றை விட்டு, கடைசியில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கும் முறை அது. மலிவு. தாராளமாக மாதிரி ஏற்கும். ஆனால் செடிக்குள் வைரஸ் ஓரளவு பெருகியிருந்தால்தான் நிறம் வரும். அறிகுறி தெரிந்த பயிருக்கு எலைசா போதும் என்பது என் கருத்து. அதற்குப் போய் பிசிஆர் கேட்பவர்கள் பெரும்பாலும் பெயருக்காகக் கேட்கிறார்கள்.

பிசிஆரை 1983இல் கேரி மல்லிஸ் உருவாக்கினார். பத்தாண்டு கழித்து அதற்கு நோபல் பரிசும் வந்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு அதை விளக்கத் தேவையில்லை என்றாலும், இலைக்கு நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தேடும் வைரஸின் வரிசையோடு பொருந்தும் இரண்டு சிறு டிஎன்ஏ துண்டுகளை, அதாவது பிரைமர்களை, சாற்றில் சேர்க்கிறோம். ஏறத்தாழ 94 டிகிரியில் இழைகள் பிரியும். 50 முதல் 60 டிகிரிக்குள் பிரைமர் போய் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புதிய இழையை நீட்டும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். முப்பது சுற்று குறையில்லாமல் ஓடினால் ஒரு மூலக்கூறு 107 கோடியைத் தாண்டும். எலைசா பார்க்கத் தவறும் அளவுக்கு நூறில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் குறைவாக வைரஸ் இருந்தாலும் பிசிஆர் பிடித்துவிடும். தத்துப்பூச்சி உறிஞ்சிய பிறகு அறிகுறி தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் அல்லவா? அந்த இடைவெளியில், நாற்று நாற்றங்காலில் இருக்கும்போதே விடை கிடைக்கும்.

ரியல்-டைம் பிசிஆர் என்பது அதே வேலையை ஒளிரும் சாயத்தோடு செய்து, சுற்றுக்குச் சுற்று அளந்துகொண்டே போவது. அறிக்கையில் சிடி என்று ஒரு எண் இருக்கும். எத்தனையாவது சுற்றில் ஒளி வரம்பைத் தாண்டியது என்பதே அது. எண் சிறிதானால் வைரஸ் அதிகம். ஏறத்தாழ 3.3 சுற்று வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வித்தியாசம். 18 என்று வந்த செடியும் 34 என்று வந்த செடியும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கினாலும் இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது உண்மையான இளந்தொற்றாக இருக்கலாம். பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்த ஒரு துளியாகவும் இருக்கலாம். அதனால் சிடி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வயலோரத்திலேயே பார்க்க வசதியானது லேம்ப் முறை. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. சூட்டை ஏற்றி இறக்கும் கருவி தேவையில்லை. 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நான்கு முதல் ஆறு பிரைமர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஹைட்ராக்ஸிநாஃப்தால் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்திருந்தால் ஊதா நிறம் வான்நீலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலைச் சாற்றின் அழுக்கையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: வினை முடிந்த குழாயின் மூடியைத் திறக்கவே கூடாது. அதில் பெருகியிருக்கும் டிஎன்ஏ அவ்வளவு அதிகம். ஒருமுறை அறையில் பரவினால் அடுத்த பல வாரம் தண்ணீர்கூட ‘பாசிட்டிவ்’ காட்டும்.

பிரைமரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவைக்க வேண்டும். துங்ரோ கோல் வைரஸில் தெற்காசிய வகையும் தென்கிழக்காசிய வகையும் மரபணு வரிசையில் கணிசமாக வேறுபடுகின்றன. பிலிப்பைன்ஸ் வரிசையைப் பார்த்து அமைத்த பிரைமர் நம்மூர் வைரஸில் ஒட்டாமல் நழுவலாம். அப்போது வயலில் நோய் இருக்கும், அறிக்கையில் இருக்காது.

வெண்டையின் கொழகொழப்பு

திருவள்ளூர் காய்கறித் தோட்டங்களில் வெண்டை இலையின் நரம்புகள் தங்கவலை பின்னியதுபோல் மஞ்சளாவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நரம்புத் தேமல் நோய். பம்பாய் மாகாணத்தில் 1924லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பரப்புவது வெள்ளை ஈ. இது வைரஸ்தானா என்று உறுதி செய்ய எந்தச் சோதனையும் தேவையில்லை; அந்த வலையே போதும்.

பிறகு எங்கே சோதனை வேண்டும்? எதிர்ப்புத் திறன் உண்டு என்று விற்ற வீரிய ஒட்டு விதை திடீரென்று விழும்போது. அப்போது வைரஸ் மாறிவிட்டதா, அல்லது விதைப்பொட்டலத்தில் சொன்னது பொய்யா என்று தெரிய வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜோஸ், உஷா இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நோய் முழுதாக வெளிப்பட ஒரு பிகோமோ வைரஸோடு பீட்டா சாட்டிலைட் என்ற துணை டிஎன்ஏவும் வேண்டும் என்று காட்டியது. ஆகவே வைரஸுக்கு மட்டும் பிசிஆர் போட்டுவிட்டு நிறுத்தினால் படம் பாதிதான்.

பிகோமோ வைரஸ்களின் டிஎன்ஏ வளையமாக, ஏறத்தாழ 2,700 எழுத்து நீளத்தில் இருக்கும். ஃபை29 என்ற நொதி வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் படியெடுத்துக்கொண்டே போகும். அதற்கு எந்த வைரஸ் என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதை உருள்வளையப் பெருக்கம் என்கிறார்கள். பின் அதை வெட்டிப் பார்த்தோ, முழு வரிசையைப் படித்தோ எந்த இனம் என்று சொல்லலாம். மிளகாய் இலைச்சுருட்டல், உளுந்து மஞ்சள் தேமல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

வெண்டையில் இன்னொரு சங்கடம், அதன் கொழகொழப்பு. அந்தச் சர்க்கரைக் கூழ் டிஎன்ஏவோடு சேர்ந்தே வரும். பிசிஆர் நொதியை முடக்கிவிடும். வைரஸ் நிறைந்த இலையிலிருந்து ‘இல்லை’ என்ற விடை வருவது பெரும்பாலும் இப்படித்தான். இலையை இடித்துச் சாறெடுக்கும் சிடிஏபி கரைசலில் உப்பைக் கூட்டுவதும், பிவிபி என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதும், கடைசியில் கிடைத்த சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் வழக்கமான கைவைத்தியம். நீர்க்கச் செய்ததும் ‘இல்லை’ என்பது ‘உண்டு’ ஆவது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்குப் புதிதல்ல. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு மாதிரியிலும் செடியின் சொந்த மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். செடியின் மரபணுவே கிடைக்கவில்லை என்றால் வைரஸ் இல்லை என்று சொல்ல அந்த மாதிரிக்குத் தகுதியில்லை.

மாதிரி எடுக்கும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். வயலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வைரஸ் சோறுபோல் சீராக வேகுவதில்லை. நாற்றங்காலில் நூற்றுக்கு ஒரு நாற்றில் மட்டும் வைரஸ் இருக்கிறது என்று வையுங்கள். அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 300 நாற்றுகளைப் பார்த்தாக வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்றால் 59 போதும். 300 குழாய் ஓட்ட யாருக்கும் கட்டுப்படியாகாது. பத்துப் பத்தாகச் சேர்த்து இடித்தால் 30 குழாயில் முடிந்துவிடும். பத்தில் ஒன்றைப் பிடிக்கும் உணர்திறன் பிசிஆருக்கு உண்டு. ஏதாவது ஒரு கட்டு ‘பாசிட்டிவ்’ ஆனால் அந்தப் பத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு இலையிலும் பாதியைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த 300ஐயும் வரப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் கிள்ளினால் கணக்கு பொய்யாகிவிடும். நாற்றங்காலை இங்குமங்குமாக ஊடறுத்து நடந்து எடுங்கள். தத்துப்பூச்சி வந்து விழும் ஓரங்கள், விளக்கு வெளிச்சத்துக்குப் பக்கத்துப் பாத்திகள், பழைய பயிரின் மறுதாம்பு தழைத்திருக்கும் மூலை ஆகியவற்றைத் தனிக் கட்டாக எடுத்து, தனியாகக் குறியுங்கள்.

எந்த இலை? துங்ரோ வைரஸ்கள் உணவு கடத்தும் திசுவை ஒட்டியே வாழ்பவை. முழுதாக விரிந்த இளம் இலை நல்லது. காய்ந்து பழுத்த அடி இலையில் டிஎன்ஏவும் சிதைந்திருக்கும், பூஞ்சையும் குடியேறியிருக்கும். திட்டின் நடுவில் உள்ள மோசமான தூரை விட, விளிம்பில் இப்போதுதான் நிறம் மாறத் தொடங்கிய தூர் மேல். அதோடு, முன்பு சொன்ன பச்சைத் தூர்களிலிருந்தும், சந்தேகமே இல்லாத வேறு வயலின் அதே ரகத்திலிருந்தும் இலை எடுங்கள். ஆரோக்கியமான மாதிரி இல்லாமல் வரும் பார்சலைத் திருப்பி அனுப்பும் ஆய்வுக்கூடம் நல்ல ஆய்வுக்கூடம்.

பாலித்தீன் பையில் போட்டு டூவீலர் பெட்டியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் இலை வெந்து வியர்த்திருக்கும். டிஎன்ஏ வைரஸ் என்றால் காகித உறையில் வைத்து, அதைச் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் மூடுங்கள். இலையின் எடையைப் போல் பத்து மடங்காவது சிலிக்கா வேண்டும். குறிகாட்டி மணியின் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். இப்படி உலர்ந்த இலையைக் கோயம்புத்தூருக்குச் சாதாரணத் தபாலிலும் அனுப்பலாம். ஆர்என்ஏ வைரஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம் விரல் வியர்வையில் இருக்கும் நொதியே ஆர்என்ஏவைத் தின்றுவிடும். கையுறை போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஆர்என்ஏவைக் காக்கும் திரவத்தில் போடுங்கள். இலைச்சாற்றை அழுத்தி உலரவைக்கும் எஃப்டிஏ அட்டையும் உண்டு; தூரத்து ஊர்களுக்கு அது வசதி.

ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையே கத்தரியைப் பிளீச்சிங் கரைசலில் தோய்த்துத் துடையுங்கள். வெறும் ஸ்பிரிட் டிஎன்ஏவை அழிக்காது. பேரைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும். ரகம், நட்ட தேதி, பக்கத்துப் பயிர், அடித்த மருந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரங்களும் சீட்டில் இருக்கட்டும்.

‘உண்டு’ என்ற விடையையும் சந்தேகியுங்கள்

பிசிஆர் தேடுவது மரபணுப் பொருளை. உயிரோடு பரவும் வைரஸை அல்ல. இந்த வேறுபாடு எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு வாழையைவிட நல்ல உதாரணம் இல்லை.

பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவள்ளி இவை எல்லாவற்றிலும் பி மரபணுத் தொகுதி கலந்திருக்கிறது. வாழைக் கீற்று வைரஸின் துண்டுகள் அந்தத் தொகுதிக்குள்ளேயே எப்போதோ பதிந்து, தலைமுறை தலைமுறையாக வருகின்றன. ஆகவே முற்றிலும் ஆரோக்கியமான பூவன் கன்றில் சாதாரண பிசிஆர் போட்டாலும் ‘பாசிட்டிவ்’ வரலாம். கேவண்டிஷ் வகையான கிராண்ட் நைனில் பி தொகுதி இல்லை. அங்கே இந்தக் குழப்பம் குறைவு. பூவனுக்கு எதிர்ப்பொருளால் முழு வைரஸ் துகளை முதலில் பிடித்துவிட்டு, பிறகு பிசிஆர் செய்வது ஒரு வழி. வளைய டிஎன்ஏவை மட்டும் பெருக்கும் உருள்வளைய முறை இன்னொரு வழி. நெல்லிலும் துங்ரோ கோல் வைரஸை ஒத்த பழைய துண்டுகள் மரபணுத் தொகுதியில் இருப்பதை 2004இல் கண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான இலை மாதிரியை நான் விடாப்பிடியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திசு வளர்ப்புக் கன்று வாங்குகிறவர்களுக்கு: மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்று முறையைக் கொண்டுவந்தது. வாழையில் முடிக்கொத்து, கீற்று, பிராக்ட் தேமல், வெள்ளரித் தேமல் ஆகிய நான்கு வைரஸ்களுக்கும் பார்த்த பிறகே சான்று. கன்று வாங்கும்போது சான்றுச் சீட்டில் உள்ள தொகுதி எண்ணையும் கன்றுப் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கீழ்ப்பழநி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து வைரஸ் எப்படி ஒடுக்கியது என்று கேட்டறிந்தவர்கள் இந்த ஒரு நிமிட வேலையைச் சுமையாக நினைக்க மாட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தின் உள்ளே மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இலை இடிக்கும் இடம், பிசிஆர் கலவை செய்யும் இடம், பெருகிய டிஎன்ஏவைத் திறக்கும் இடம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவர் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு அதே கோட்டோடு திரும்பக் கூடாது. இலைக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்த குழாய் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்க் குழாய் ‘பாசிட்டிவ்’ ஆனால் அன்றைய விடைகள் அத்தனையும் குப்பைக்கு.

எங்கே போவது, விடையை என்ன செய்வது

திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூர்தான் முதல் வாசல். தண்டு துளைப்பானைத் தாங்கும் டிகேஎம் 6 என்ற நெல் ரகத்தைத் தந்த ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. உலகம் அறிந்த ஐஆர் 20க்கு அதுவே ஒரு பெற்றோர். வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். இலையோடு நேரில் போய், வயலைப் படித்ததைச் சொன்னால், சோதனை தேவையா என்ற பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். மூலக்கூறு சோதனைக்குக் கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை. உளுந்து, பச்சைப்பயறு என்றால் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம். வாழைக்குத் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம். வெளிநாட்டு விதையோ கன்றோ இறக்குமதி செய்பவர்கள் மீனம்பாக்கத்தில் உள்ள பயிர்த் தனிமைப்படுத்தல் நிலையத்தைத் தவிர்க்க முடியாது. தக்காளிப் பழத்தில் சுருக்கமும் பழுப்பும் உண்டாக்கும் வைரஸ் 2014இல் இஸ்ரேலிலும் அடுத்த ஆண்டு ஜோர்டானிலும் தலைகாட்டி, விதை வழியாக நாடு நாடாகப் போனதைப் பார்த்த பிறகு அந்தக் கெடுபிடி நியாயமானதே.

அறிக்கை வந்துவிட்டது. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆகவே விடை எந்த முடிவை மாற்றும் என்பதை, இலை கிள்ளும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

நாற்றங்காலில் துங்ரோ வைரஸ் இரண்டில் எது இருந்தாலும் அந்த நாற்றை நடாதீர்கள். உருண்டை வைரஸ் மட்டும்தானே, பயிர் பச்சையாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். நட்டு மூன்று வாரத்துக்குள் சிதறலாக வந்தால் நோயுற்ற தூர்களைப் பிடுங்கிப் புதைத்து, தத்துப்பூச்சியை எண்ணுங்கள். துங்ரோ வரும் பகுதிகளில் தூருக்கு இரண்டு பூச்சி என்பதே மருந்தடிக்கும் வரம்பு. மற்ற இடங்களில் வளர்ச்சிப் பருவத்தில் ஐந்து. பூ எடுத்த பிறகு வந்தால் அந்தப் பயிருக்காகச் செலவு செய்வதில் பொருளில்லை. 2 சதவீத யூரியாவோடு லிட்டருக்கு 2.5 கிராம் மேங்கோசெப் கலந்து தெளித்தால் மஞ்சள் சற்றுக் குறையும், வைரஸ் குறையாது.

சம்பா அறுவடையில் ‘உண்டு’ என்று தெரிந்த வயலில் மறுதாம்பு தழைக்க விடாமல் உடனே உழுதுவிடுங்கள். நவரை நாற்றங்காலை அந்த வயலுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். நாற்று பதினைந்து நாள் ஆனதும் அதே 300 கணக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் அறிக்கையைக் காட்டுங்கள். அவர் மறுதாம்பை விட்டுவைத்திருந்தால், தத்துப்பூச்சி உங்கள் வரப்பில் நின்று யோசிக்கப்போவதில்லை.